காலா என்று ஒரு வரி

சென்னையில் இருக்கும் அண்ணன் மகள் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். "அத்தை, இன்னைக்கு எங்க வீட்டுல சால்மன்!" என்று கீழே எழுதியிருந்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கச் செட்டைக்குக் கீழே நூல் மாதிரி நாலு மீசை. கண்ணின் மேல் கண்ணாடித்தாள் ஒட்டியது போலக் கொழுப்புப் படலம். மூக்கு முன்னால் துருத்தி நிற்க, வாய் அதற்கு அடியில் பதுங்கியிருக்கிறது. நம்ம காலா மீன். கடையில் 'இந்தியன் சால்மன்' என்று சீட்டு ஒட்டி விற்றிருக்கிறார்கள்.

"பாப்பா, இது காலா. உன் தாத்தா வாராவாரம் குழம்புக்குக் கொண்டுவந்த மீன்தான்" என்று போன் போட்டுச் சொன்னேன். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, காலா நல்ல மீன். ஆனால் சால்மன் என்ற சொல் காதில் விழுந்தாலே எனக்கு நான் செய்த ஒரு தப்பும், அதன் பிறகு கற்றுக்கொண்டதும் சேர்ந்து நினைவுக்கு வரும். ரொம்ப நாளாக எழுத நினைத்தது. இப்போது எழுதிவிடுகிறேன்.

நான் பாம்பனில் மீன் கணக்கு எழுதுகிறவள். பதினோரு வருஷம் ஆகிறது. விடியுமுன் கரைக்குப் போய் எத்தனை படகு வந்தது, என்ன வலை, என்ன மீன், எத்தனை கிலோ என்று எழுத வேண்டும். எல்லாப் படகையும் பார்க்க முடியாது. சில படகுகளைத் தேர்ந்தெடுத்து அதில் உள்ளதை எடைபோட்டு, நீளம் அளந்து எழுதினால், அதை வைத்து மொத்தம் பிடிபட்ட மீனைக் கணக்கிடுவார்கள். ஏலச் சத்தத்துக்கு நடுவில், வியாபாரி மீனைத் தூக்குவதற்குள், பலகையில் கிடத்தி மூக்கு முதல் வால் வரை பார்த்துவிட வேண்டும். கை பழகிவிட்டது. தாளில் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு வரி. சூடைக்கு ஒரு வரி, மடவைக்கு ஒரு வரி, காலாவுக்கு ஒரு வரி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதம். வாடைக்காற்று அடங்காத நேரம். எங்கள் ஆட்கள் பலர் ஊருக்குத் தெற்கே உள்ள தென்கடலில் தொழில் செய்து, மீனைக் குட்டியானை வண்டியில் ஏற்றி வடக்குக் கரை ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். காற்றைப் பொறுத்துக்கொண்டு ஊருக்கு வடக்கே உள்ள வடகடலுக்கே போன சில வத்தைகளும், அதாவது நாட்டுப்படகுகளும், அதே கரையில் இறங்கின. குளிர், கூட்டம், விரல் விறைத்துப்போயிருந்தது. நான் எல்லாவற்றையும் சேர்த்து 'காலா, 140 கிலோ' என்று ஒரே வரியாக எழுதிவிட்டேன். அப்படியே அந்த மாதம் முழுக்க.

அந்த வருஷம் எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு ஆராய்ச்சி மாணவி வாடகைக்கு இருந்தாள். மீன்களின் மரபணு பற்றிப் படிக்கிற பெண். சாப்பாடு எங்களோடுதான். ஒருநாள் ராத்திரி என் பழைய தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தவள், "அக்கா, இந்த தை மாசக் காலாவில வடகடல் எவ்வளவு, தென்கடல் எவ்வளவு?" என்று கேட்டாள். என்னால் சொல்ல முடியவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை, தாளை மூடி வைத்தாள். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. அந்த மீனை எல்லாம் யாரோ தின்று முடித்தாயிற்று. இனி யாரிடம் போய்க் கேட்பது?

தடைக்காலம் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, கரையில் எனக்கும் வேலை குறைவு. சாயங்காலம் மாடியில் உட்கார்ந்து அவள் சால்மன் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் படிப்புக்கு அடித்தளமே அங்கேதான் என்றாள்.

சால்மன் வடபசிபிக்கிலும் வட அட்லாண்டிக்கிலும் உள்ள மீன். குளிர்ந்த ஓடையில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஓடைக்கே திரும்பி வரும். பசிபிக் இனங்களில் பெரும்பாலானவை முட்டையிட்டதும் செத்துவிடும். இதுவரை பலரும் கேட்டிருப்பீர்கள். நான் கேட்டிராதது, ராபின் வேப்பிள்ஸ் என்கிற விஞ்ஞானியைப் பற்றி. அமெரிக்க அரசின் கடல் மீன்வளத் துறையில், சியாட்டிலில் வேலை பார்த்த மரபியல் அறிஞர். அங்கே அழியும் உயிரினங்களைக் காக்க 1973இல் ஒரு சட்டம் வந்தது. ஒரு மீனினம் முழுவதும் அழியும் நிலைக்கு வராவிட்டாலும், அதில் தனித்து நிற்கும் ஒரு கூட்டம் அழிகிறதென்றால் அதையும் காக்கலாம் என்று பின்னால் சேர்த்திருக்கிறார்கள். சரி, எது தனிக்கூட்டம்? ஒவ்வொரு ஓடை மீனையும் தனி என்று சொன்னால் எண்ணி முடியாது. எல்லாம் ஒன்று என்று சொன்னால் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், பெயர் மட்டும் பட்டியலில் நிற்கும்.

1991இல் வேப்பிள்ஸ் இதற்கு ஒரு வழி சொன்னார். இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இந்தக் கூட்டம் மற்றக் கூட்டங்களோடு பெரும்பாலும் கலக்காமல் தனக்குள்ளேயே இனம் பெருக்குகிறதா? இது போய்விட்டால் அந்த இனம் வழிவழியாகச் சேர்த்து வைத்த குணத்தில் முக்கியமான ஒரு பங்கு போய்விடுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் சட்டம் அதைத் தனி இனமாகவே நடத்தட்டும். அமெரிக்கா தன் மேற்குக் கரை சால்மனை இன்றுவரை இந்த இரண்டு கேள்வியை வைத்துத்தான் பிரித்துப் பார்க்கிறது.

எனக்கு அந்த முதல் கேள்வி என் தாளைப் பார்த்துக் கேட்டது போலவே இருந்தது.

அதே 1991இல் ஸ்னேக் ஆற்றுச் சாக்கை சால்மனை அழியும் நிலையில் உள்ளதாகச் சேர்த்தார்கள். அது போகிற தூரத்தைக் கேளுங்கள். கடலிலிருந்து கொலம்பியா ஆற்றில் ஏறி, ஸ்னேக் ஆற்றுக்குத் திரும்பி, ஐடஹோ மாநில மலையில் உள்ள ரெட்ஃபிஷ் ஏரிக்குப் போக ஏறக்குறைய 1,450 கிலோமீட்டர். ராமேஸ்வரத்திலிருந்து ரயிலில் சென்னைக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் மதுரைவரை போனால்தான் அந்தத் தூரம் வரும். மீன் அதை ஓடும் தண்ணீரை எதிர்த்துப் போகிறது. ஏறும் உயரம் ஏறக்குறைய 2,000 மீட்டர். வழியில் எட்டுப் பெரிய அணைகள். 1992இல் அந்த ஏரிக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு மீன். ஆண். 'தனிமை லாரி' என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள், லாரி அங்கே ஆண்பிள்ளைப் பெயர். அதன் விந்தை உறைய வைத்துப் பாதுகாத்து, பிடித்து வளர்த்த மீன்களின் முட்டையோடு சேர்த்து அந்த வம்சத்தைத் தொடர வைத்தார்கள்.

இதை அவள் சொல்லி முடித்தபோது கீழே வாசலில் என் மாமனார் வலை பொத்திக்கொண்டிருந்தார். காது அவருக்கு இன்னும் கூர்மை. "அது அவ்வளவு தூரம் வந்து, அங்க ஒரு பொட்டை மீன் இல்லையா?" என்றார். அதற்குமேல் பேசவில்லை. ஊசியைக் கொஞ்சநேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு இனம் குறைந்துவிட்டால் குஞ்சு பொரித்து விட்டால் போதாதா என்று நான் கேட்டேன். இங்கே மண்டபத்தில் வரி இறால் குஞ்சு பொரித்துப் பாக் விரிகுடாவில் விடுகிறார்கள், நானே படகில் போய்ப் பார்த்திருக்கிறேன். அதற்கு அவள் சொன்னது, ஓரிகன் மாநிலத்தில் ஹூட் ஆற்றில் ஸ்டீல்ஹெட் என்ற சால்மன் குடும்பத்து மீனை வைத்துச் செய்த ஆய்வு. 2007இல் வெளியானது. பொரிப்பகத்தில் வளர்ந்த மீன் காட்டாற்றுக்குப் போய்க் குஞ்சு பெற்று வளர்க்கும் திறன், பொரிப்பகத்தில் கழித்த ஒவ்வொரு தலைமுறைக்கும் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. தொட்டிக்குப் பழகியது ஆற்றுக்கு ஆகவில்லை. மீனும் இறாலும் ஒன்றில்லை என்பது எனக்குத் தெரியும். குஞ்சு விடுவது தப்பு என்றும் சொல்ல வரவில்லை, வடகடலில் இறால் குறைந்ததைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். இப்போது குஞ்சு விடும்போது எத்தனை லட்சம் என்று கேட்பதோடு, எத்தனை தாய் இறாலிலிருந்து வந்தது என்றும் கேட்கிறேன். ஒரே கையளவு தாய்களின் பிள்ளைகளாகக் கடல் நிறைந்துவிடக் கூடாது என்பது வேப்பிள்ஸ் போன்றவர்கள் வருஷக்கணக்காகச் சொல்லி வருவதுதான்.

இனி நான் சொல்லப்போவது என் வீட்டுக் கதையும்கூட.

எங்கள் ஊருக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கரையில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. வடகடல், தென்கடல். வடகடல் ஆழம் குறைந்த சேற்றுக்கடல். தென்கடல் பவளப்பாரும் தீவுமாக, போகப்போக ஆழம். இரண்டையும் பாம்பன் கால்வாயும், அந்தப்பக்கம் தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள மணல் திட்டுகளின் இடைவெளிகளும்தான் சேர்க்கின்றன. ஐப்பசியில் வாடை ஆரம்பித்தால் வடகடல் புரளும், தென்கடல் குளமாகக் கிடக்கும். வைகாசிக்கு மேல் கச்சான் காற்று அடித்தால் தென்கடலில் நிற்க முடியாது, வடகடல் அடங்கியிருக்கும். என் மாமனார் இரண்டு மகன்களையும் இரண்டு கடலுக்குப் பிரித்து அனுப்பியவர். என் வீட்டுக்காரர் வடகடல், கொழுந்தன் தென்கடல். ஒருவருக்குப் பாடு இல்லாத மாதம் இன்னொருவர் வீட்டிலிருந்து அரிசி வரும். நான் கல்யாணமாகி வந்த இருபது வருஷத்தில் இரண்டு வீட்டிலும் சேர்ந்தாற்போல் அடுப்பு அணைந்தது கிடையாது.

அலாஸ்காவில் பிரிஸ்டல் விரிகுடா என்று ஒரு இடம். உலகத்திலேயே சாக்கை சால்மன் மிகுதியாக வருவது அங்கே. டேனியல் ஷிண்ட்லரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2010இல் அதன் நெடுங்காலக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். பார்க்க ஒரே மீன்தான், ஆனால் உள்ளே நூற்றுக்கணக்கான தனிக்கூட்டங்கள். சில ஏரிக்கரையில் முட்டையிடும், சில சின்ன ஓடையில், சில பெரிய ஆற்றில். வறண்ட வருஷம் ஓடை மீனுக்குக் கெட்டது என்றால் இன்னொரு இடத்து மீனுக்கு அது கெடுதலாக இராது. ஒன்று விழும்போது ஒன்று எழும். அதனால் வருஷத்துக்கு வருஷம் மீன் வரத்தில் உள்ள ஏற்ற இறக்கம், எல்லாம் ஒரே கூட்டமாக இருந்திருந்தால் இருக்கக்கூடியதைவிட 2.2 மடங்கு குறைவு. ஒரே கூட்டமாக இருந்திருந்தால் மீன்பிடிப்பை நிறுத்திவைக்க வேண்டிய வருஷங்கள் பத்து மடங்கு அதிகமாகியிருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

இதை என் மாமனாருக்குச் சொல்லப் பெரிய பாடு எதுவும் படவில்லை. "ரெண்டு கடலுக்கும் ஆள் வெச்சிருக்கு" என்றார். அவ்வளவுதான், புரிந்துவிட்டது.

சால்மன் பிறந்த ஓடையை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. ஆர்தர் ஹாஸ்லர் என்று ஒருவர். யூட்டா மாநிலத்தில் பிறந்து வளர்ந்து, விஸ்கான்சினில் பேராசிரியராக இருந்தார். 1946இல் ஊருக்குப் போய் மலையேறுகிறார். ஒரு அருவி, இன்னும் கண்ணில் படவில்லை. அதற்குள் ஈரப்பாசியும் மலைப்பூவும் கலந்த வாசம் வந்து மோதுகிறது. சின்னவயதுப் பையன்கள் முகம், மறந்தே போன பெயர்கள், எல்லாம் மடமடவென்று நினைவுக்கு வந்துவிட்டன. எனக்கே இப்படி என்றால் மீனுக்கு என்ன என்று நினைத்தார். பிறகு சியாட்டிலுக்குப் பக்கத்தில் இஸ்ஸக்வா ஓடையில் இரண்டு கிளைகளுக்கும் திரும்பி வந்த கோஹோ சால்மனைப் பிடித்து, பாதிக்கு மூக்கை அடைத்து, ஓடை பிரியும் இடத்துக்குக் கீழே கொண்டுபோய் விட்டார்கள். மூக்கு திறந்திருந்தவை பெரும்பாலும் தன் கிளைக்கே போயின. அடைபட்டவை வழி தெரியாமல் இரண்டிலும் கலந்து போயின. கடல் நடுவிலிருந்து கரைக்கு வர அவை பூமியின் காந்தப்புலத்தையும் நம்புகின்றன என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். ஆனால் கடைசி வாசல் மூக்கால்தான்.

கோயம்புத்தூரில் மூன்று வருஷம் மில் வேலைக்குப் போயிருந்தேன், கல்யாணத்துக்கு முன்னால். லீவுக்கு வரும்போது ராத்திரி ரயிலில் தூங்கிக்கொண்டே வருவேன். மண்டபம் தாண்டிப் பாலத்தில் ஏறுமுன்பே கருவாடும் கரை ஒதுங்கிய பாசியும் கலந்த வாசத்தில் தானாக விழிப்பு வரும். அம்மா கருவாட்டுப் பாயைத் திருப்பிப்போடுகிற சத்தமும் கூடவே கேட்பது மாதிரி இருக்கும். ஹாஸ்லர் அருவிக்கு முன்னால் நின்றதை மாணவி சொன்னபோது நான் பாலத்தின் தலைப்பில் இருந்தேன்.

கலிஃபோர்னியாவில் கிளாமத் ஆறு. அங்கே கருக் என்ற பழங்குடி மக்கள் வசந்தத்தில் ஏறி வரும் சினூக் சால்மனுக்கு ஒரு பெயரும், இலையுதிர் காலத்தில் வருவதற்கு இன்னொரு பெயரும் வைத்திருக்கிறார்கள். இரண்டும் வேறு மீன் என்பது அவர்கள் வழக்கு. ஒரே ஆற்றில் கொஞ்சம் முன்னே பின்னே வருகிற ஒரே மீன்தானே என்று அரசு இரண்டையும் ஒன்றாகவே பட்டியலில் வைத்திருந்தது. 2017இல் வெளிவந்த மரபணு ஆய்வு, சீக்கிரம் வருவதும் தாமதமாக வருவதும் மரபணுத் தொடரில் ஒரே ஒரு சிறு பகுதியோடு கட்டுண்டிருக்கிறது என்று காட்டியது. அந்த வசந்த வடிவம் அற்றுப்போனால் மறுபடி தானாக எளிதில் முளைத்து வராது. கருக் மக்கள் அதை வைத்து வசந்த மீனைத் தனியாகக் காக்கச் சொல்லி அரசிடம் விண்ணப்பித்தார்கள். அவர்கள் பாட்டன் காலத்துச் சொல்லுக்குள் இருந்ததைத்தான் ஆய்வகம் கடைசியில் படித்தது. 2024இல் அந்த ஆற்றின் நாலு அணைகளை இடித்து முடித்தார்கள், சில வாரத்திலேயே சால்மன் பழைய அணைகளைத் தாண்டி மேலே ஏறிவிட்டது. மேட்டூர் அணை வந்த 1934க்கு அப்புறம் காவிரியில் ஏறாமல் போன உல்லத்தையும், ஆற்றங்கரை என்ற ஊரில் கடலைத் தொடவே தண்ணீர் இல்லாமல் கிடக்கும் எங்கள் வைகையையும் அப்போது நினைத்துக்கொண்டேன். இடிக்கச் சொல்ல முடியாது, அந்தத் தண்ணீரில் எத்தனை பேர் சாப்பாடு இருக்கிறது. ஆனாலும் நினைப்பு வந்தது.

கருக் மக்களின் கதையை மாணவி சொன்ன மறுநாள்தான் மாமனாரிடம் கேட்டேன். "மாமா, வடகடல் காலாவும் தென்கடல் காலாவும் ஒண்ணுதானா?" இத்தனை வருஷம் அவர் கண்முன்னாலேயே கணக்கு எழுதியும் இதை நான் கேட்டதில்லை. "யார் சொன்னா ஒண்ணுன்னு?" என்றார். ஒரு மீனை எடுத்து வயிற்றில் கட்டைவிரலை ஓட்டினார். வடகடலது முதுகு கறுத்து வயிறு மஞ்சள் ஓடும், தென்கடலது வெள்ளி வெளுப்பு, சதை இறுக்கம் என்றார். சேற்றுத் தண்ணீரில் கிடந்த மீன் நிறம் மாறுவது சகஜம், அதை வைத்து மட்டும் கூட்டத்தைப் பிரிக்க முடியாது என்று மாணவி சொன்னாள். அதுவும் நியாயம். ஆனால் வட ஆஸ்திரேலியாவில் இதே நாலு மீசைக் காலாவை ஆராய்ந்தவர்கள், சில பத்துக் கிலோமீட்டர் தள்ளினாலே தனித்தனிக் கூட்டமாக இருக்கக் கண்டிருக்கிறார்கள் என்பதையும் அவளே சொன்னாள். சால்மன் போல ஆறு தேடி ஓடாத மீன், அதற்கே இப்படி.

அங்கே கண்டறிந்த இன்னொன்று என்னைத் தூங்கவிடவில்லை. காலா முதலில் ஆணாக முதிர்ந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும். எங்கள் கரையில் பெரிய காலாவுக்குத்தான் விலை. இரண்டு கைகளாலும் தூக்குகிற அளவு மீன் வந்தால் ஏலத்தில் போட்டி. அந்தப் பெரிய மீன் எல்லாம் தாய். சின்னதை விட்டுப் பெரியதைப் பிடிப்பது நல்லது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்த மீனுக்கு அது மட்டும் போதாது. பெரியதையே அரித்துக்கொண்டிருந்தால் கடலில் மாப்பிள்ளைகள் மட்டும் மிஞ்சுவார்கள்.

இப்போது என்னிடம் இன்னொரு நோட்டு இருக்கிறது. அலுவலகத் தாள் அவர்களுக்கு, அதில் இன்னமும் காலாவுக்கு ஒரு வரிதான். இந்த நோட்டு எனக்கு. பள்ளிக்கூடக் கணக்கு நோட்டு, கோடு போட்டு ஆறு கட்டம். எந்தக் கடல், எந்தப் பார் அல்லது எத்தனை பாகம் ஆழம், என்ன காற்று, நீளம், வெட்டும்போது உள்ளே பெண்ணின் சினையா, ஆணின் பாலா. வெட்டுகிற அக்காக்கள் இருவர் எனக்காகப் பார்த்துச் சொல்கிறார்கள். ஆறாவது கட்டம் மாமனாருக்கு. மீனை அவர் முன்னால் வைப்பேன், எங்கே பிடித்தது என்று சொல்லமாட்டேன். அவர் தடவிப் பார்த்து 'வட' அல்லது 'தென்' என்பார், அதை எழுதிக்கொள்வேன். செட்டையில் நகக்கண் அளவு ஒரு துண்டு வெட்டிச் சாராயப் புட்டியில் போட்டு, எண் எழுதி, மாணவிக்கு என்று சேர்த்து வைக்கிறேன். அவள் ஊருக்குப் போய்விட்டாலும் மாதம் ஒருமுறை போன் பண்ணுகிறாள்.

நேற்று வந்த காலா 71 சென்டிமீட்டர். வீட்டுக்காரர் வலையில் விழுந்தது. வயிற்றைக் கீறியதும் இரண்டு பக்கமும் மஞ்சள் சினை, விரல் வைத்தால் உதிர்கிற பக்குவம். மாமனார் அதை ரொம்பநேரம் தடவிக்கொண்டிருந்தார். "வடகடல்" என்றார். அப்புறம், "இது இன்னும் பத்து நாள் இருந்திருந்தா விட்டிருக்கும்" என்றார். ஆறாவது கட்டத்தில் 'வட' என்று எழுதி, அவர் சொன்ன இரண்டாவது பேச்சுக்குக் கட்டம் இல்லாததால் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.